என் பெயரில் ஒரு மாற்றம்

பதினெட்டு வருடமாக நான் வேலை பார்க்கும் இயந்திரத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வட ஐரோப்பாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடத்தில், பூட்டிய அறைக்குள் அது நிற்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டு கறுப்புப் பீரோக்களைச் சேர்த்து வைத்ததுபோல இருக்கும். மெயின்பிரேம். முதலில் சென்னையிலிருந்து அதைக் கவனித்தேன். கொரோனாவுக்குப் பிறகு ஊருக்கே திரும்பிவிட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் கம்பெனி இரண்டு இருக்கைகள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று காயல்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு.

அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வளைகுடாவில் ஒரு வங்கியில் இதே வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு வந்தவர். திருச்செந்தூர் ரயிலில் வந்து இறங்குவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். மதியம் டப்பாவைத் திறந்தால் மீன் துண்டில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும்.

எங்கள் வேலையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். தனியாக உடம்பு இல்லாதவை, ஆனால் ஒவ்வொன்றும் தன்னை முழுக் கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் ப்ராசஸர்கள் டிராயர் டிராயராக அடுக்கப்பட்டிருக்கும். ஒரே டிராயரில் இருக்கும் ப்ராசஸர்கள் ஒன்றோடொன்று சட்டென்று பேசிக்கொள்ளும். வேறு டிராயரில் இருப்பதோடு பேச நேரமாகும். தனக்குக் கொடுத்த ப்ராசஸர் எந்த டிராயரில் இருக்கிறது என்று மெய்நிகர் கணினிக்குத் தானாகத் தெரியாது. நாங்கள்தான் ஒரு வரைபடமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை அது சரிபார்க்காது. பொய்யை எழுதிக் கொடுத்தாலும் நம்பி, அதன்படியே வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டு திணறும்.

அந்த வருடம் மழை தொடங்கிய நேரத்தில் அங்கே ஒரு டிராயரைப் பழுது பார்த்தார்கள். காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் முக்கியமான மெய்நிகர் கணினியின் மூன்று ப்ராசஸர்கள் வேறொரு டிராயருக்கு மாறின. புதிய வரைபடத்தை அண்ணாச்சி எழுதினார், நான் சரிபார்த்தேன். பழுது பார்த்த பிறகு சில வாரங்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் இயந்திரத்தை முழுக்க நிறுத்தித் தொடங்குவது என்று அங்கிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். நம் நேரத்துக்கு மாலை ஆறரை.

முதல் திங்கட்கிழமையே புகார் வந்தது. கோரிக்கைகள் நகரவில்லை, ஊழியர்கள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அந்த மூன்று ப்ராசஸர்களுக்கு நேரே பழைய டிராயர் எண் இருந்தது. திருத்தினோம்.

"நாமதான் எங்கயோ விட்டுட்டோம் போல, தங்கச்சி" என்றார் அண்ணாச்சி.

நான் விடவில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் பார்த்திருந்தேன். ஆனாலும் தலையாட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை அதே மூன்று ப்ராசஸர்கள், அதே பழைய எண். இந்த முறை அவர் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே பதிவேட்டைத் திறந்தேன். யார் எப்போது எதை மாற்றினாலும் அதில் ஒரு வரி விழும். ஞாயிறு மாலை ஆறு முப்பத்துநான்குக்கு மாற்றம் நடந்திருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

ஞாயிறு மாலை ஆறு முப்பத்துநான்குக்கு நான் ஆலயத்தில் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின வாரமும் அப்படியே. முந்தின வார வரியையும் தேடி எடுத்தேன். அதிலும் என் பெயர்தான்.

என் பெயரில் வேறு யாரோ உள்ளே வருகிறார்கள். அந்த மாடியில் என் வேலை தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். போதாததற்கு, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் அது. இரண்டு இருக்கையில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு சென்னையிலிருந்து வந்திருந்தது. நான் தவறு செய்கிறேன் என்று தெரிந்தால் யாருக்கு லாபம்?

அன்றிலிருந்து நான் அவரைப் பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன் இரண்டு வருடம் எதிரே உட்கார்ந்திருந்தும் அப்படிப் பார்த்ததில்லை. போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார். எத்தனை முறை போகிறார் என்று ஒரு நோட்டில் குறித்தேன். ஒருநாள் நான் தண்ணீர் பிடிக்கப் போகிறமாதிரி அந்தப் பக்கம் போனபோது, "ஆமா, ஞாயித்துக்கெழமதான், யாருக்கும் தெரியாண்டாம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அதையும் நேரம் போட்டு எழுதினேன். நான் பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒருமுறை பின்னால் நின்றாரே, அது எந்த மாதம் என்று யோசித்து யோசித்து அதையும் எழுதினேன். வயிறு சரியில்லை என்று சொல்லி மதியம் தனியாகச் சாப்பிட்டேன். மீன் துண்டை நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். பாஸ்வேர்டை மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை.

பிறகு சென்னையில் இருக்கும் எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நீங்க யாரையாச்சும் சந்தேகப்படறீங்களா மேடம்?" என்றார்.

நான் பெயரைச் சொல்லவில்லை. "இங்க ரெண்டு பேருதான் சார் இருக்கோம்" என்று மட்டும் சொன்னேன். சொன்னபோது ரொம்ப நியாயமாக நடந்துகொண்டதாக எனக்கே ஒரு திருப்தி இருந்தது.

மறுநாள் அண்ணாச்சி வந்து கணினியைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி முயன்றார். போனில் மேனேஜரிடம் பேசினார், பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். எங்களோடு அதே மாடியைப் பகிர்ந்துகொண்ட இன்னொரு கம்பெனியின் ஆறேழு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒங்களுக்கு ஏதும் தெரியுமா? கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்கன்னு சொல்லுதாரு."

"தெரியாது அண்ணாச்சி."

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மூன்றாவது திங்கட்கிழமை நிம்மதியாகக் கணினியைத் திறந்தேன். மூன்று ப்ராசஸர்கள், பழைய எண், என் பெயர். புதிய பாஸ்வேர்டுக்குப் பிறகும் என் பெயர்.

மேனேஜர் என்னை முந்திக்கொண்டு அழைத்தார். "அவருக்கு ஆக்சஸே இல்ல. நீங்க பாஸ்வேர்ட் மாத்தினதும் யாருக்கும் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் எப்படி மேடம்?" கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் அடியில் இருந்தது எனக்குப் பழக்கமான ஒன்று. முந்தின வாரம் நான் அண்ணாச்சியிடம் பேசிய தொனியும் அதுதான்.

அப்போதும் நான் திருந்தவில்லை. போகும்போது வேறு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பாரோ என்றுதான் மனம் போனது. அதுவும் பொருந்தாதபோது வீட்டுப் பக்கம் திரும்பியது. என் மடிக்கணினி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மேசையில்தான் கிடக்கும். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அந்த வாரங்களில் தலைவலி என்று ஆலயத்துக்கு வராமல் வீட்டில் இருந்தவர். சோறு போடும்போது கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம என் கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ஏட்டி, நான் எதுக்கு அதத் தொடப்போறேன்?"

"இல்ல, சும்மா கேக்கேன்."

"சும்மா கேக்கல நீ. ரெண்டு வாரமா யாரப் பாத்தாலும் ஒரு மாதிரியாத்தான் பாக்க. இன்னும் யாரு பாக்கி? பாஸ்டரா?"

சிரிப்புக்காகச் சொன்னதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. நாலாவது ஞாயிறு பாடகர் குழுவுக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டு ஐந்தரைக்கு அலுவலகத்துக்குப் போனேன்.

மாடியில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக இன்னும் வெயில் இருந்தது. கீழே செருப்புக்கடையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறரைக்கு இயந்திரம் நின்று தொடங்கியது. ஒவ்வொரு மெய்நிகர் கணினியாக எழுந்து வந்தது. கோரிக்கைக் கணினியும் எழுந்தது, சரியான டிராயர் எண்ணோடு. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

ஆறு முப்பத்துநான்கு. திரையில் ஒரு வரி விழுந்தது. மாற்றியவர்: நான். என் கைகள் மடியில் இருந்தன.

பயந்துவிட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில் ஒன்று உறைத்தது. நாலு வாரமும் இயந்திரம் எழுந்து சரியாக நாலாவது நிமிடம். எந்த மனுஷனும் அவ்வளவு ஒழுங்காகத் திருட்டுத்தனம் செய்யமாட்டான். அந்த நொடியில் ஓடிய நிரல்களின் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்ததில் ஒரு சின்னக் கோப்பு மிஞ்சியது. திறந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதியது. அப்போது இயந்திரத்தை முழுக்க நிறுத்தித் தொடங்கினால் வரைபடம் அழிந்துபோகும் ஒரு கோளாறு இருந்தது. அதைச் சமாளிக்க, எழுந்த நாலாவது நிமிடத்தில் வரைபடத்தைத் திரும்ப எழுதும்படி ஒரு நிரல் போட்டு வைத்தேன். பாஸ்வேர்ட் கேட்காமல் என் பெயரிலேயே உள்ளே போகும்படி சாவியும் கொடுத்து வைத்தேன். முழுக்க நிறுத்துவது வருடத்துக்கு ஒருமுறைகூட நடக்காது. நடந்தபோதும் வரைபடம் மாறாததால், இருந்ததையே திரும்ப எழுதிவிட்டு அது பேசாமல் இருந்தது. டிராயர் மாறியது அதற்குத் தெரியாது. கோப்பின் முதல் வரியில் நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: தற்காலிகம். அடுத்த வாரம் நீக்கிவிட வேண்டும்.

வரைபடத்தைத் திருத்தி, அந்த நிரலை நிறுத்திவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தார். வழக்கமாகச் சொல்லும் ஸலாமைச் சொல்லவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை.

"சொல்லுங்க."

சொன்னேன். நிரலைப் பற்றிச் சொன்னேன். மேனேஜரிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் அதே வார்த்தையில் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தம் கேட்டது. ஒரு கதவைச் சாத்தினார்.

"நான் ஒங்களத்தான் நெனச்சேன்" என்றார்.

"என்னது?"

"முதல் வாரமே பதிவேட்டப் பாத்துட்டேன். ஒங்க பேரு இருந்திச்சு. என்னய வெளிய அனுப்பத்தான் இந்த வேலைய செய்யுதியன்னு நெனச்சேன். படம் எடுத்து வச்சிருக்கேன். ஒங்க சாப்பாடு தனியாப் போனப்பவே உறுதி பண்ணிட்டேன்."

"அப்ப ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவ ஒங்கள்ட்டயே கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அன்னைக்குக் கேட்டேன்ல. தெரியாதுன்னுட்டிய."

அவரும் சந்தேகப்பட்டிருக்கிறார், ஆதாரம்கூட என்னுடையதைவிட நல்ல ஆதாரம். ஆனால் அவர் கேட்டுவிட்டுச் சொல்ல நினைத்தார். நான் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜருக்கும் அந்த நிறுவனத்துக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். புதன்கிழமை அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போனத இங்க எல்லாரும் பாத்தாக. எதுக்குப் போனேன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு இருக்கும். நீங்க சொல்லிடுங்க."

மேடம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, அந்த ஆறேழு பேரிடமும் சொன்னேன். தப்பு என்னுடையது, பழியை இவர்மேல் போட்டேன் என்று. ஒரு பெண் எதற்கோ கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். அவர் நான் சொல்லி முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

ஒரு கேள்வியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இருக்கையில் எங்கள் தெருக்காரர் ஒருவர், எங்கள் ஆலயத்துக்காரர் ஒருவர் இருந்திருந்தால், அந்த நோட்டை நான் அவ்வளவு சீக்கிரம் எடுத்திருப்பேனா? எடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. அந்தப் பதிலை நம்புவதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நோட்டைக் கிழித்துப் போட்டேன். படிக்கட்டில் அவர் யாரோடு பேசினார், ஞாயிற்றுக்கிழமை என்ன, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையை நானே தொலைத்துவிட்டேன்.

ஒப்பந்தம் இருவருக்குமே நீண்டது. ஏன் என்று மேனேஜர் சொல்லவில்லை. அவர் எங்கள் இருவரையும் எப்படிக் கணக்கிட்டு வைத்திருக்கிறார் என்பதும் தெரியவில்லை.

போன ஆடியில் அந்த இயந்திரத்தில் ஒரு டிராயர் புதிதாகச் சேர்த்தார்கள். எல்லா மெய்நிகர் கணினிகளுக்கும் வரைபடத்தை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. அண்ணாச்சி தாளைப் பார்த்து எண்களை வாசித்தார், நான் அடித்தேன். பிற்பகல் முழுவதும் போனது. இடையில் வேறு பேச்சு இல்லை.

"முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் திரையில் வரைபடத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து தானே சரிபார்க்கத் தொடங்கினார். நானும் அந்தத் தாளின் இன்னொரு பிரதியை எடுத்து வைத்து, என் திரையில் முதல் வரியிலிருந்து பார்த்தேன்.