மேசை சின்னது

சந்திரலேகாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை கஞ்சியில் இருந்தன. லாங்கிளாத் வெள்ளைத் துணியைப் பாத்திரத்துக்குள் அமுக்கி, பிழியாமல் தூக்கி, மடிப்பு விழாமல் கொடியில் விரித்தாள். ஆஸ்பத்திரித் தொப்பிக்குப் போடும் அதே கஞ்சிதான். தொப்பி அவள் தலையில் விறைத்து நிற்க வேண்டும். இந்தத் துணி முதலாளிகள் முன்னால் விறைத்து நிற்க வேண்டும். தொப்பிக்காவது ஒரு வேலை உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

துணி அவள் புருஷன் நயினாருடையது. நயினார் ஓர் ஆலோசகர். அதாவது, பிறத்தியார் தொழிலை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்வதைத் தன் தொழிலாக வைத்திருந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முதலில் தாராவியில் அண்ணன் தங்கபாண்டியின் பலசரக்குக் கடையில் நின்றார். நிறுத்துப் போட்டதைவிடப் பேசியது அதிகமாக இருந்ததால், அண்ணன் அவரை ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். அங்கே ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் வந்து படங்களைத் தொங்கவிட்டு, குச்சியால் தொட்டுத் தொட்டு டைரக்டர்களுக்கு ஏதோ விளக்கிவிட்டு, மாலையும் கைகுலுக்கலும் வாங்கிக்கொண்டு போனார். நயினாருக்கு அன்றைக்குத் தொற்றியது. காய்ச்சல் என்றால் இறங்கும், இது இறங்கவில்லை. குமாஸ்தா வேலையை விட்டார். கோட்டு தைத்துக்கொண்டார். மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த இரண்டு அறைக்கு வெளியே இங்கிலீஷில் பெயர்ப்பலகை மாட்டினார். பலகையைத் தாண்டி வந்து கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் சந்திரலேகாவிடம் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள்.

வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி எடுத்தவள். இங்கே முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. மெத்தை நனையாமல் விரிக்க ரப்பர் ஷீட் கேட்டால் அடுத்த வருஷம் என்பார்கள், பஞ்சு கேட்டால் முறைப்பார்கள்; ஆனாலும் அவள் உள்ளே நுழைந்தால் வார்டு முழுக்க நிமிர்ந்து படுக்கும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு எதுவும் அவ்வளவு பிடித்திருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. கோட்டுப் போட்டவன் பெண்டாட்டி பெட்பேன் தூக்கலாமா என்று தாராவிக் கடையில் உட்கார்ந்து அண்ணன் வருத்தப்பட்டார். நயினாரும் வீட்டுக்கு வந்து அதையே வருத்தப்பட்டார்.

"செம்பூர் பிஸ்கட் கம்பெனியில என்னய நிரந்தர ஆலோசகரா ஆக்கிட்டாவன்னு வையி, நீ வேலையை எழுதிக் குடுத்துரணும்."

"ஆக்கட்டும். குடுக்கேன்."

நடக்காத காரியத்துக்குச் சம்மதிப்பதில் என்ன போயிற்று என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் கம்பெனிக்காரர்கள் நிஜமாகவே கூப்பிட்டுவிட்டார்கள். மழைக்காலம் வந்தால் டின்னுக்குள்ளேயே பிஸ்கட் நமுத்துப் போகிறது, ஏன் என்று கண்டுபிடித்து டைரக்டர்களிடம் வந்து சொல்லட்டும் என்றார்கள்.

நயினார் முட்டாள் இல்லை. தொழிற்சாலையைச் சுற்றிச் சுற்றி வந்து கண்டுபிடித்துவிட்டார். புதிதாகப் பெரிய அடுப்பு வாங்கியிருந்தார்கள். வெந்த பிஸ்கட்டை ஆறவைக்கும் மேசையோ பழையது, சின்னது. இடம் போதாமல் சூட்டோடு டின்னில் போட்டு மூடினார்கள், உள்ளே வேர்த்தது, நமுத்தது. விஷயம் அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்குத்தான் இத்தனை துணி. கஞ்சி காய்ந்ததும் தாராவியிலிருந்து சுயம்பு வந்து படம் எழுதினான். அங்கே பாதி சோடாக் கடைகளுக்குப் பலகை எழுதியவன் அவன். எண்ணெய்ச் சாயத்தைத் தடிமனாக அப்புவான். மழை பெய்தாலும் அசையாது. முதல் படம் தாமரை மேல் லட்சுமி. இரண்டாவது கம்பெனியைத் தொடங்கிய பெரியவர், மீசையும் மாலையுமாக. அப்புறம் கோதுமை விளைந்த வரலாறு, கோதுமை ஏறிவரும் ரயில், இந்தியா மேப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. அடுப்பும் மேசையும் ஒரே துணியில் வாலில் வந்தன.

எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் ஓரத்தைத் துணிப் பட்டியில் தைத்து, பட்டியை மரச் சட்டத்தில் அடிப்பது சந்திரலேகாவின் பொறுப்பு. அடுத்த நாள் கம்பெனிக்குப் போக வேண்டும். தைப்பதற்கு முன்னால் நயினார் ஒத்திகை பார்த்தார். கோட்டோடு நின்று, குச்சியால் தொட்டுத் தொட்டுப் பேசினார். கோதுமை முளைத்து முடிப்பதற்குள் சுவரோரத்திலிருந்து குறட்டை கேட்டது.

"சுயம்பு! ஏ சுயம்பு!"

"முழிச்சுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கேன்."

"எங்க, இப்ப எந்தப் படம்னு சொல்லு."

"லெச்சுமி."

"லெச்சுமி போயி கோதுமையே வந்தாச்சு வே!"

சந்திரலேகா ஊசியில் நூல் கோத்தாள். "படம் எழுதுனவனே தூங்குதான். பாக்க வர்றவன் என்ன செய்வான்? சங்கதி எதுல இருக்கு?"

"பின்னால வருது."

"பின்னாலன்னா, அவங்க எந்திரிச்சுப் போன பொறவா?"

"வெவரம் இல்லாமப் பேசாத சந்திரா. கடை தொறந்த ஒடனே எவனாவது நஷ்டத்தைப் பேசுவானா? மொத ஆளு வந்து சீனி கேக்கான். சீனி தீந்துபோச்சு. எங்க அண்ணன் இல்லைன்னு சொல்லுவாரா? 'அரிசி நல்லா வந்திருக்கு, இருங்க'ம்பாரு. மொத வார்த்தை நல்ல வார்த்தையா இருக்கணும். ஒக்கார வச்சு, சோடா குடுத்து, ஊர்ச் சேதி கேட்டு, அப்பொறந்தான் சரக்கு."

"அவங்க ஒங்க கடைக்கு வரலை. நீங்கதான் அவங்க கடைக்குப் போறீய. எங்க பெரிய டாக்டரு ஒரு கட்டில் முன்னால எம்புட்டு நேரம் நிப்பாருன்னு நெனைக்கீய? கொட்டாவி விடுத நேரம். அதுக்குள்ள 'வயிறு உப்பியிருக்கு, மூத்திரம் போகலை'ன்னு சொல்லிரணும். அவன் தாத்தா கோதுமை வெதச்ச கதையை ஆரம்பிச்சா டாக்டரு அடுத்த கட்டிலுக்குப் போயிருவாரு. இவனுக்கு வயிறு வெடிச்சிரும்."

"மதினி சொல்லுதது சரிதான் அண்ணாச்சி" என்றான் சுயம்பு, கண்ணைத் திறக்காமல்.

நயினார் குச்சியை மூலையில் சாத்தினார். குறட்டை அவரைக் கலங்கடித்திருந்தது. "சரி. அடுப்பையும் மேசையையும் மேல வச்சுத் தையி. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அது ஒன்னாலதான்."

அவள் தைத்தாள். இது பலித்தால் தன் வேலை போய்விடும் என்பது ஒவ்வொரு தையலிலும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கொஞ்சம் கோணலாகத் தைத்திருக்கலாம். பழைய வரிசையிலேயே விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் ஒரு வேலையைக் கெட்டுப்போகும்படி செய்ய அந்தக் கைகளுக்குப் பழக்கம் இல்லை. நேராகத் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து எறிந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் டூட்டி முடிந்து வந்தபோது, நயினார் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். கோட்டு தரையில் கிடந்தது. படங்களைச் சுமந்துபோன சுயம்பு வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"நல்லா நடந்துச்சு மதினி. ரொம்ப நல்லா நடந்துருச்சு. அதான் வெனை." பீடியை அணைத்தான். "பெரிய சேட்டு நடுவுல இருக்காரு. ஆறு பேரு சுத்தி இருக்கான், அவரு தும்முனா தும்முததுக்கு. துணியைப் பிரிச்சேன். அண்ணாச்சி குச்சியை எடுத்து தொண்டையைக் கனைக்காவ. அதுக்குள்ள சேட்டு பாத்துட்டாரு. ஒரே பார்வை. 'மேசை சின்னது'ன்னாரு. மேனேஜரு 'ஆமா சாப், மேசை சின்னது'ங்கான். தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் போறான் மதினி, களவாணிப்பய! அப்பொறம் ஒவ்வொருத்தனா 'ஆமா சாப், ஆமா சாப்'. சேட்டு எந்திரிச்சாரு. 'தச்சனைக் கூப்பிடு'ன்னாரு. போயிட்டாரு."

"மத்த படமெல்லாம்?"

"அண்ணாச்சி திருப்பச் சொன்னாவ, திருப்புனேன். லெச்சுமி வந்துச்சு. பாக்கத்தான் ஆளில்லை. எல்லாவனும் சாயா குடிக்கப் போயாச்சு."

"ஒங்களுக்கு ஒண்ணும் குடுக்கலையா?"

"பிஸ்கட் குடுத்தாவ. நமுத்திருந்துச்சு."

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "வாசல்ல வச்சு மேனேஜர்ட்ட கேட்டேன். 'அதான் சொல்லியாச்சே, இனி ஆலோசகர் எதுக்கு? தச்சன்தான் வேணும்'னான். சரக்கைக் கையில குடுத்துட்டு அப்புறம் வெலை பேசச் சொன்னவ நீதான்."

சந்திரலேகா கை கழுவினாள். "நோயாளி பொழைச்சுட்டான்ல?"

"பொழைச்சுட்டான். வைத்தியனுக்குத்தான் கஞ்சி இல்லை. ஒங்க டாக்டருக்கு முனிசிபாலிட்டி படி அளக்கு. அவரு ஒத்தை வார்த்தையில சொல்லிட்டுப் போகலாம். எனக்கு யாரு அளக்கா?"

அது சரியான பேச்சு. அவள் மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இத்தனை படம், இத்தனை கோதுமை, இத்தனை லட்சுமி எல்லாம் எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. விஷயத்தைச் சொல்வதற்கு இல்லை, அதைச் சொல்லாமல் நாளைக் கடத்துவதற்கு. ஒன்றும் தெரியாத ஆறு பேர், தெரிந்ததை மறைத்துவைத்து விற்கும் ஒருவர். நடுவில் கஞ்சி காய்ச்ச அவள்.

நயினார் துண்டை விலக்கினார். "ஒனக்குச் சந்தோஷம்தான. வேலையை விட வேண்டாம்."

"ஆமா" என்றாள் சந்திரலேகா. "சாப்பிட வாங்க. காலையில எனக்கு டூட்டி."

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கும் முன்பே அவள் பட்டியின் தையலைப் பிளேடால் பிரித்தாள். அடுப்பும் மேசையும் இருந்த துணியைத் தனியே உருவி எடுத்தாள். மிச்சத்தை லட்சுமி மேலே இருக்கும்படி வைத்து, பழையபடி நேராகத் தைத்தாள். தாணேயில் ஒரு சோப்புக் கம்பெனி இருப்பதாக அவர் தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார், போகட்டும். அந்தச் சோப்பு முதலாளிக்கு மீசை இல்லையென்றால் சுயம்பு வந்து அழித்துக்கொள்வான்.

உருவிய துணியைச் சுருட்டி, தொப்பியோடு பைக்குள் வைத்து ரயில் ஏறினாள். வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கிழவர் இரவெல்லாம் படுக்கையை நனைத்து வைத்திருந்தார். ரப்பர் ஷீட் இன்னும் வந்தபாடில்லை. சந்திரலேகா அவரை ஒரு பக்கமாகப் புரட்டி, ஈரத்தை உருவிப் போட்டுவிட்டு, சுயம்பு எண்ணெய்ச் சாயத்தை அப்பிய துணியை விரித்தாள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. துடைத்துவிட்டு, மேலே உலர்ந்த விரிப்பைப் போட்டு, கிழவரைத் திரும்பப் படுக்கவைத்தாள். துணியிலிருந்த மேசையைவிட அவர் அகலம் குறைவு. நான்கு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.