நூறு கிலோமீற்றருக்குப் பதினைந்து லீற்றர்

இந்த நாட்டில் என்னைக் குடிகாரன் என்று ஒப்புக்கொள்ள வைத்தது ஒரு வாகனம்தான். ஒரு சனிக்கிழமை காலை, டோர்ட்மண்டில் எங்கள் தெருமுனைப் பேக்கரி வாசலில் அதை நிறுத்திவிட்டுப் பாண் வாங்க இறங்கினேன். நாயோடு நின்ற வயதான ஜேர்மன்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வாஸ் ஷ்லுக்ட் டேர் டென் ஸோ?” என்றார். அதாவது, ‘இவன் எவ்வளவு விழுங்குவான்?’ முன்பின் தெரியாத மனிதனிடம் காலை எட்டு மணிக்குக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அகதி விண்ணப்பம் கொடுத்து வந்தவனுக்கு, எவர் எதைக் கேட்டாலும் உண்மை சொல்லித்தான் பழக்கம். “சனிக்கிழமைகளில் மட்டும், இரண்டு பியர்” என்றேன். அவர் நாயைப் பார்த்தார். நாய் என்னைப் பார்த்தது. பிறகு அவர் மெதுவாக என் பிக்கப்பின் பெற்றோல் மூடியைத் தட்டிக் காட்டினார். ஜேர்மன் மொழியில் வாகனம் ஆண்பால் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த ஆண்பிள்ளை குடிக்கவும் செய்வான் என்று சொல்லித் தரவில்லை.

ஊரில் நாங்கள் ஒரு வாகனத்தைப் பார்த்தால், “எவ்வளவு ஓடும்?” என்றுதான் கேட்போம். இங்கே, நூறு கிலோமீற்றருக்கு எவ்வளவு குடிக்கும் என்று கேட்கிறார்கள். என்னுடையது பத்தொன்பது லீற்றர் குடித்தது. அமெரிக்காவில் செய்த, எட்டு சிலிண்டர் கொண்ட, இரண்டு கார் நிற்கிற இடத்தில் ஒற்றையாய் நிற்கிற பழைய பிக்கப் அது. வார இறுதிகளில் சாமத்திய வீடு, கலியாண வீடு என்று அடுப்பும் கிடாரமும் ஏற்றிப் போவதற்காக வாங்கினேன் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். பெற்றோல் செட்டின் விலைப்பலகை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. என் மனைவி ஜெசிந்தா ஒருநாள் தீர்ப்பு வாசித்தாள்.

“இஞ்சருங்கோப்பா, ஆவணியில கேவலார் மாதாவிட்டை இதிலதான் போறம். இஞ்சையிருந்து நூறு கிலோமீற்றர்தானே? போய்ச் சேர்ந்த உடன பெற்றோல் அடிச்சுப் பாப்பம். பம்பில பதினைஞ்சுக்குள்ள காட்டினால் நீங்களே வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்கோ. ஒரு துளி கூடினாலும் இதை வித்துப்போட்டுச் சின்னக் கார் ஒண்டு எடுக்கிறம்.”

“பதினைஞ்சு ஏலாதப்பா. பதினேழு எண்டு வையும்.”

“மாதாவோட பேரம் பேசாதேங்கோ.”

அன்று தொடங்கியது என் தவம். பின்கதவைத் திறந்துவிட்டு ஓடினால் காற்று இழுபடாது என்று வேலைத்தலத்தில் ஒருவர் சொன்னார். திறந்துவிட்டு ஓடினேன். காற்று இழுபட்டதோ தெரியாது, பத்துக் கிலோ சின்ன வெங்காயம் தெருவழியே இழுபட்டுப் போனது. ஒரு ஜேர்மன் அம்மா சைக்கிளில் பின்னாலேயே வந்து, பொறுக்கியதை எல்லாம் கூடையோடு நீட்டி, “இது உங்களுடையதுதானே?” என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தேன். அந்தத் தெருவில் வேறு யார் அவ்வளவு வெங்காயம் வாங்குவார்கள்? ரயருக்குச் சரியான அளவு காற்றடித்தேன். காற்று வடிகட்டியை மாற்றினேன். பத்தொன்பது பதினெட்டரை ஆனது. அவ்வளவுதான்.

கடைசியில் கராஜ் வைத்திருக்கும் ஹெர் நோவாக்கிடம் போனேன். பேச்சைச் செலவழிக்க விரும்பாத மனிதர். பொனெற்றைத் திறந்தார், மூடினார், பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு என்னைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். திரும்பி வந்ததும் மூன்று சொல்லில் வைத்தியம் சொன்னார்: “மேர் காஸ் வெக்நேமன்.” இன்னும் அதிகமாகக் காஸை எடுத்துவிடு. எனக்கு உச்சி குளிர்ந்தது. எவ்வளவு கெட்டிக்காரன்! வண்டியின் பின்னால் சமையல் அடுப்புக்கான இரண்டு பெரிய காஸ் சிலிண்டர்கள் மாதக்கணக்கில் கிடந்து உருண்டுகொண்டிருந்தன. வீட்டுக்குப் போய் இரண்டையும் முதுகு முறியக் கீழறைக்கு இறக்கினேன். அடுத்த கிழமை போய், “எடுத்துவிட்டேன், இரண்டு போத்தலையும்” என்று பெருமையாகச் சொன்னேன். “என்ன போத்தல்?” என்றார். விளக்கினேன். அந்த மனிதர் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து, என் வலது முழங்காலைப் பிடித்துக் காலை மேலே தூக்கினார். “இதுதான் காஸ். இதை எடு.”

ஜேர்மன் மொழியில் அக்சிலரேற்றருக்குப் பெயர் காஸ். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிகிறபோதே காலை எடு, வண்டி தன்பாட்டில் உருண்டு போகும் என்கிறார் மனிதர். நானோ விளக்கின் காலடிவரை பாய்ந்து போய்ப் பிறேக்கில் ஏறி நிற்பவன். பிடரிக்குப் பின்னால் யாரோ துரத்துவதுபோல ஓட்டுகிறாய் என்றார். பிறகு இரண்டாவது வைத்தியமும் சொன்னார். “எப்போதும் ஏன் பெற்றோல் தாங்கியை நிரப்பி வைத்திருக்கிறாய்? நூறு லீற்றரையும் சுமப்பது அந்த வண்டிதானே. பாதி போதும்.”

காலை எடுக்கப் பழகினேன். பழகக் கிழமைகள் எடுத்தன, பின்னால் வந்த ஹோர்ன் சத்தங்களைக் கேட்காத மாதிரி இருக்க அதைவிட நாளெடுத்தது. ஆனால் தாங்கி பாதியாக இருக்க, என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் முயன்றேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகிற வழியில், பாதியிலேயே திரும்பிப் போய்க் கழுத்துவரை நிரப்பினேன்.

ஹெர் நோவாக்குக்கு இதை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாத காலத்தில், சோடாப் போத்தல் பெற்றோலில் ஒரு மாதம் ஓட்டிய விண்ணன் நான். அப்பாவின் ஏ-போட்டி காரை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராற் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். புகையைப் பார்த்தால் கார் எரிகிறதென்று சனம் ஓடி வரும். அந்த நாலு துளி இல்லாவிட்டால், தாங்கி நிறைய மண்ணெண்ணெய் இருந்தாலும் கார் அசையாது. எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசி அரைப் போத்தலை நான் ஒரு பின்னேரம் என் மோட்டார் சைக்கிளில் விட்டுக்கொண்டு, ஒரு ஒழுங்கையால் மூன்று தரம் போய் வந்தேன். ஜெசிந்தாவின் வீடு இருந்த ஒழுங்கை. அவள் ஒரு தரமும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை, ஆமி கிட்ட வந்திட்டுது, எல்லோரும் உடனே வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்பா காருக்குள் சாமான் எல்லாம் ஏற்றிவிட்டு, “தம்பி, அந்தப் போத்திலை எடு” என்றார். போத்தல் காலி. கார் முற்றத்திலேயே நின்றுவிட்டது. முழங்கால் வாதத்தோடு அம்மா என் சைக்கிள் கரியரில் இருந்து வந்தார். நான் தள்ளிக்கொண்டு நடந்தேன். அப்பா வழியெல்லாம் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் இந்த எட்டு சிலிண்டர் எனக்குத் தேவைப்பட்டிருக்காதோ என்னவோ.

ஆவணி வந்தது. கேவலார், ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட உள்ள சின்ன ஊர். அங்குள்ள மாதாவிடம் எங்கள் சனம் எல்லாத் திசையிலிருந்தும் வந்து கூடும் நாள் அது. முதல்நாளே தாங்கியைத் ததும்ப நிரப்பி வைத்தேன். காலையில் எண்பதில் ஒரு பூ லொறியின் பின்னால் ஒட்டாமல் விலகாமல் போனேன். லொறிகள் எங்களை முந்தின. மாதா படம் ஒட்டிய வான் வண்டியில் எங்கள் ஆட்கள் கைகாட்டிக்கொண்டு முந்தினார்கள். ஏசி இல்லை, யன்னல் திறக்கத் தடை. பட்டுச்சேலையில் ஜெசிந்தா வெந்துகொண்டிருந்தாள்.

“மாதா கோயிலுக்குப் போகமுதல் நான் மாதாவிட்டையே போயிடுவன் போல கிடக்கு. யன்னலைத் திறவுங்கோப்பா!”

“காத்து இழுக்கும். கால் லீற்றர் போயிடும்.”

“என்ர உயிர் போறது கணக்கில்லையோ?”

காலைப் பூசை முடிந்து சனம் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். நேரே பெற்றோல் செட். ஜெசிந்தா நீதவான் மாதிரி இறங்கி, பம்பின் திரைக்கு முன்னால் நின்றாள். எண் ஏறியது. பத்து. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு தசம் ஒன்றில், டக். பம்ப் தானாக நின்றது.

“ம்... வெண்டிட்டீங்கள்” என்றாள். உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வழமைபோல, குனிந்து தாங்கியின் கழுத்துக்குள் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. கை தன்பாட்டில் அமத்தியது. ஒரு தரம். பெற்றோல் மினுங்குவது தெரியும்வரை இன்னொரு தரம். நிமிர்ந்தபோது ஜெசிந்தா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பதினைந்து தசம் இரண்டு. தொடங்கும்போதும் கழுத்துவரை நிரப்பித்தானே வந்தேன். நியாயமான எண்ணும் அதுதான்.

“அதில நிண்டிருக்கலாமே அப்பா” என்றாள் மெதுவாக.

“நிரம்பேல்லையே” என்றேன்.

பிக்கப்பை ஒரு குதிரைப் பண்ணைக்காரி வாங்கினாள். திறப்பைக் கொடுக்கும்போது, தாங்கி நிறைந்திருக்கிறது என்பதை, “எர் இஸ்ட் ஃபோல்” என்று சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு ‘அவன் நல்ல குடிவெறி’ என்றும் பொருளாம். விடைபெறும் நாளிலும் அவனைக் குடிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன்.

இப்போது எங்களிடம் இருப்பது நூறுக்கு ஐந்து லீற்றர் குடிக்கிற ஒரு சின்னக் கார். சிவப்பு விளக்கைக் கண்டதும் என் வலது கால், இந்த ஊரில் பிறந்த கால்போலத் தானாக எழும்பிவிடுகிறது. வலது கைதான் சொல்வழி கேட்பதில்லை. அது இன்னமும் ஒரு அரைப் போத்தலைத் தேடிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. போன கிழமை அதை அடக்கிப் பார்க்கலாம் என்று, டக் என்ற சத்தம் கேட்டதும் பம்பைக் கொளுவப் போனேன். உள்ளேயிருந்த ஜெசிந்தா யன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“என்னப்பா அவசரம்? இன்னும் ரெண்டு தரம் அமத்துங்கோ.”