அக்காவிடம் கேட்காத பத்துக் கேள்விகள்

மருத்துவமனையின் மரபணுச் சோதனைப் பிரிவில் அந்த அம்மாளைப் 'பத்துக் கேள்வி' என்றுதான் சொல்வார்கள். ரத்த மாதிரிக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டச் சேர்ந்தவர். ஆள் வராத ஒரு நாளில், வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வித்தாளைக் கையில் திணித்தார்கள்; பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று பத்துக் கேள்விகள். பதில்களின் மதிப்பெண் பன்னிரண்டைத் தாண்டினால் மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும்.

எப்படிக் கேட்பதென்று யாரும் சொல்லித் தரவில்லை. கணவன் பக்கத்தில் இருந்தால் மனைவி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பாள் என்பதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டார். அதனால் கூட வந்தவரை டீ குடிக்க அனுப்பிவிடுவார். ஒரு கட்டத்தையும் காலியாக விட மாட்டார்.

அக்காவும் தங்கையும் வந்தார்கள். தாய் மார்புப் புற்றுநோயில் இறந்தபோது பதினாறு வயது அக்காதான் தையல் வேலைக்குப் போய்த் தங்கையை வளர்த்தவள். அந்த நோயை வரவழைக்கக்கூடிய தாய்வழி மரபணுக் கோளாறு தங்கைக்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை என்று முடிவு வந்தது. முடிவுக்குப் பிறகு, கோளாறு இருப்பவருக்கு மட்டுமே தாள் கொடுப்பார்கள். தங்கை அதை நிரப்பிவிட்டு ஆலோசகர் அறைக்குப் போன பிறகும் அக்கா மேசையை விட்டு நகரவில்லை.

"எனக்கு ஒண்ணும் எழுத வேணாமா?"

"உங்களுக்கு எதுக்குக்கா? பாஸானவங்களுக்கு ஏது மறுபரீட்சை? போய் நல்லாத் தூங்குங்க."

அக்கா சிரித்தாள். அதைப் பார்த்து இவரும் சிரித்தார்.

ஏழு மாதம் கழித்து, முன்னெச்சரிக்கையாக மார்பு அறுவை செய்துகொண்ட தங்கை அடுத்த தாளுக்குத் தனியாக வந்தாள். வீட்டுப் பக்கமே அக்கா வருவதில்லையாம். அறுவை முடிந்து படுத்திருந்தபோதும் யார் கையிலாவது சாப்பாடு கொடுத்தனுப்பினாளாம், எட்டிப் பார்க்கவில்லையாம். "என்னைப் பிடிக்காமப் போச்சு போல" என்றாள்.

அன்று மாலையே அந்த அம்மாள் அக்காவுக்குப் போன் செய்து முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார். பத்துக்கும் 'இல்லை' வந்தது. போனை வைக்காமல் காத்திருந்தார். அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"எனக்கு வராம அவளுக்கு வந்துடுச்சேன்னு அவ மூஞ்சியப் பாத்தாலே நெஞ்சு அடைக்குது. அன்னைக்கே நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க. இப்ப போகாமலே இருந்து பழகிடுச்சு."

"இத அவகிட்டயே சொல்லிடுங்கக்கா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

ஆலோசகரைப் பார்க்க வரச் சொல்லி அதன் பிறகு மூன்று முறை கூப்பிட்டார். வருகிறேன் என்றவள் வரவில்லை.

இப்போது கோளாறு இல்லை என்று வந்தவர்களுக்கும் அவர் தாள் கொடுக்கிறார். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. தங்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தனியாக வருகிறாள். அக்கா சொன்னது இவருக்கு வாய் வரை வருகிறது. ஆனால் கேள்விகளுக்கு ஒருவர் சொன்னதை அவர் வீட்டாரிடம் சொல்லக் கூடாது. தங்கையின் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.