எஞ்சின் ஆறும்வரை

மருத்துவமனையில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். அவசரப் பிரிவில் செவிலி என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அவள் கால்கள். லிஃப்டுக்கு நிற்கமாட்டாள். காபி ஆறும்வரை பொறுக்கமாட்டாள், வாயைச் சுட்டுக்கொண்டுதான் மறுவேலை.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிறு காலை பழைய சின்னக் கார் ஒன்றைப் பார்க்கப் போனாள். கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போன வாரம் வாடகை வண்டி நடுரோட்டில் நின்றுபோய், மனிதர் வெயிலில் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

விற்பவர் வீட்டு நிழலில் கார் பளபளவென்று நின்றது.

“நாலு நாளா எடுக்கவே இல்லம்மா. பதினோரு மணிக்கு இன்னொருத்தர் வர்றார், பாத்துக்குங்க” என்றார் அவர்.

உடனே வாங்கிவிடக் கை பரபரத்தது. அந்தக் கைதான் வார்டுப் பழக்கத்தில் திரும்பி, புறங்கையை பானெட்டின் மேல் வைத்தது. சுட்டது.

“நாலு நாளா படுத்திருக்கிற வண்டிக்கு எப்படிங்க காய்ச்சல் வந்துச்சு?”

அவர் அசடு வழிந்தார். “சும்மா… கொஞ்சம் ஓடவிட்டேன்.”

ஆம்புலன்ஸ் டிரைவர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தான்: “சூடான எஞ்சின் சமத்தா ஸ்டார்ட் ஆகும்க்கா, நம்பாதீங்க. ஆறவிட்டுப் பாருங்க, இருக்கிற சீக்கெல்லாம் அப்பத்தான் வெளிய வரும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம், திரும்பிப் பாக்காம வந்துடுங்க.”

“ஆறட்டும். நான் இருக்கேன்” என்றாள். சொன்ன வாயை அவளாலேயே நம்ப முடியவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், டயர்களைச் சுற்றிவந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். விற்பவரும் நெளிந்தார். பதினோரு மணிக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. முழுசாக இரண்டு மணி நேரம் இருந்தாள்.

புறங்கைக்குக் குளிர்ந்ததும் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, ஒருமுறை அணைந்தது, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. பின்னால் நீலப் புகை குப்பென்று கிளம்பி, காயப்போட்ட துணிவரை போயிற்று. சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ரெண்டு மணி நேரமா? நீயா? ஒரே இடத்துலயா?”

“பின்ன? அவசரப்பட்டு வாங்கி, உங்களை மறுபடி நடுரோட்டுல உக்கார வெக்கவா?”

“சரிதான். என் பக்கத்துல அஞ்சு நிமிஷம் உக்காரமாட்ட. குடுத்து வெச்ச வண்டி.”

கேலியாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்றரை வருடமாக ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, ஊசி ஏறியதும் பறந்துவிடுகிறாள். அந்த நான்கு மணி நேரத்தை அவர் தனியாகவே கழித்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமையும் வாடகை வண்டியில்தான் போனார்கள். ஊசி ஏறியது. அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கட்டிலடியில் வைத்தாள்.

“என்ன, எதையாவது மறந்துட்டியா?” என்று கேட்டார் அவர்.

அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.