நான் கட்டிய சிவப்புச் சீட்டு

2003 அல்லது 2004 இருக்கும். புனே அருகே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். எங்கள் மதிலை ஒட்டி, பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட கிராமப் பள்ளிக்கூடம் ஒன்று. அதைக் கம்பெனி கிடங்காக எடுத்துக்கொண்டபோது ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: ஓர் அறையை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். சரி என்று தலையாட்டினோம்.

அந்த அறையில் ஊர்வலத்தில் பிள்ளைகள் ஆட்டிய, சலங்கைத் தகடு கோத்த லெஜிம் கழிகள், தண்டவாளத் துண்டில் செய்த மணி, ஒரு மரப்பலகை. வருடா வருடம் ஏழாம் வகுப்பு தேறியவர்களின் பெயர்கள் பலகையில் இருக்கும். அதில் முதல் பெண்ணின் பெயர், எங்கள் ஆபீஸைப் பெருக்கும், சித்தி என்ற அர்த்தத்தில் நாங்கள் எல்லோரும் ‘மாவ்ஷி’ என்று கூப்பிடும் அம்மாவுடையது. வேலை முடிந்ததும் அந்த அறையையும் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று ஒருநாள் கம்பெனியே சுத்தம் செய்யக் கிளம்பியது. எங்களிடம் ஒரு வழக்கம். ஒரு மாதமாக உபயோகிக்காத பொருளில் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். ஏழு நாளில் யாரும் வந்து கேட்காவிட்டால் பழைய சாமான் லாரியில் ஏற்றிவிடுவோம். சீட்டு கட்டுவது என் பொறுப்பு. கிடங்கு முழுக்கக் கட்டிக்கொண்டே போனவள், அந்த அறையிலும் கட்டினேன். கொடுத்த வாக்கு மறந்துவிட்டது என்றால் பொய். மாவ்ஷி பார்த்தால் வந்து கேட்பார், அப்போது அவிழ்த்துக்கொள்ளலாம் என்று அலட்சியம்.

அவர் கேட்கவே இல்லை. எட்டாம் நாள் காலை, அவர் வருவதற்குள் லாரி போய்விட்டது. சாயங்காலம் காலி அறையைப் பார்த்துவிட்டு என் மேசை முன் வந்து நின்றார்.

"சீட்டு கட்டினதும் கம்பெனி நம்பர் போட்டுடுச்சு, இனிமே யாரும் தொட மாட்டாங்கன்னு நினைச்சேன் மேடம். ஊர்லயும் அப்படித்தான் சொன்னேன்" என்றார் மராத்தியில்.

சீட்டில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவள் நான். மராத்தியில் இரண்டு வரி எழுத எனக்கு என்ன கேடு?

மேலாளரிடம் ஓடினேன். "ஏழு நாள் தொங்குச்சுல்ல? ஒருத்தரும் கேக்கலையேம்மா. ரூல்படிதான நடந்திருக்கு?" என்றார் அந்தச் சென்னைக்காரர். பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் எழுதிவிட்டு, கேட்கவில்லையே என்பது என்ன நியாயம் என்று கத்தினேன். கத்தி என்ன, சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

நானும் மாவ்ஷியும் பழைய சாமான் வியாபாரியின் கிடங்குக்குப் போனோம். மணியும் சில லெஜிம்களும் கிடைத்தன. பலகையை அங்கிருந்தவர்கள் அடுப்புக்குப் பிளந்து பாதியை எரித்தும் விட்டார்கள். மிச்சத்தில் அவர் பெயர் இல்லை. இருந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அந்த ரூமுக்கு இனிமே நாங்க பூட்டு போடுறோம். சாவி உங்ககிட்ட இருக்காது" என்றார். மறுநாளே பூட்டு தொங்கியது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த ஏழு நாளும் அவர் என் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் போனார். ஒரு நாளாவது நான் வாயைத் திறந்திருக்கலாமே என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.