குஞ்சம் வெட்டிய கம்பளம்

வளைகுடாவில் ஒரு கம்பளக் கடையில் சுமக்கிற வேலை செய்தேன். வருகிறவர்கள் முன்னால் கம்பளங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட வேண்டும். அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழும்பிப் போனதும் திரும்பச் சுருட்டி அடுக்க வேண்டும். முதுகு வலிக்கும். ஆனால் தேநீர் நல்ல தேநீர். ஏலக்காய் தட்டிப் போட்டது. எங்களுக்கும் கிடைக்கும்.

பழுது பார்க்க அங்கே ஒரு காஷ்மீர்க்காரர் இருந்தார். அரைகுறை அரபியும் அரைகுறை இந்தியுமாகப் பேசிக்கொள்வோம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் இரண்டில் கம்பளி நூலைச் சுற்றி ஒரு முடிச்சு, கத்தியால் ஒரு வெட்டு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடு நூலை விட்டு இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவது. இப்படியே போனால் ஒரு பூ வரும் என்று முடிந்து காட்டினார். அவருடைய ஊரில் எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று ஒருவர் பாட்டுப் போல வாசிப்பாராம், தறியில் இருப்பவர்கள் அதைக் கேட்டுக் கேட்டு முடிச்சுப் போடுவார்களாம். பழைய அரசர்கள் பாரசீகத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து பழக்கிய வேலை என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியச் சிறைகளில் கைதிகளும் கம்பளம் நெய்தார்களாம். கம்பிக்குள் இருந்தவனும் பூ முடிந்திருக்கிறான் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நான் ஊருக்குத் திரும்பியபோது முதலாளி ஒரு சிவப்புக் கம்பளம் தந்தார். கப்பல் கார்கோவில் போட்டு அனுப்பினேன். கடைசி மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த அன்று காலையில்தான் அது கிழக்கிலங்கையில் எங்கள் ஏறாவூருக்கு வந்து சேர்ந்தது. அவளுக்குச் சீதனமாகக் கட்டியிருந்த புது வீட்டு மண்டபத்தில் விரித்துவிட்டு, களைப்பில் கொஞ்சம் சாய்ந்தேன்.

என் மனைவி காத்தான்குடியில் ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரம் நெய்கிற வீட்டில் பிறந்தவள். தறியிலிருந்து துணி இறங்கினால் தொங்கும் நூலை வெட்டிச் சீராக்க அவள் கைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நான் கண் விழித்தபோது கம்பளத்தின் இரண்டு பக்கமும் குஞ்சம் இல்லை. அடியோடு வெட்டியிருந்தாள். கத்தரிக்கோல் இன்னும் மடியில் கிடந்தது.

"என்னகா செஞ்சிரிக்காய்!" என்று கத்தினேன்.

"வால் வாலாத் தொங்கிச்சி, வெட்டின. வாற ஆக்கள்ர கால்ல சிக்காதா?"

"அது வால் இல்லகா, பாவு! முழுக்கம்பளமும் அதுலதான் நிக்கிது!"

ஓரத்தை விரலால் தொட்டேன். ஊடு நூல் கழன்றது. பின்னாலேயே சிவப்புக் கம்பளித் துணுக்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன. வருகிறவர்கள் நாலு தடவை மிதித்தால் ஓரத்துப் பூ போய்விடும். மகள் அறை வாசலில் நின்று அழுகிற முகத்தோடு பார்த்தாள்.

மனைவி கம்பளத்தைப் புரட்டிப் போட்டாள். பின்பக்கத்திலும் அதே பூ. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒவ்வொண்டாவா முடிஞ்சிரிக்கானுகள்? அல்லாஹ்வே, கண் என்னத்துக்கு ஆகிரிக்கும்!" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கத்தினது போதும். பெரிய ஊசிய எடுங்க. நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

தடித்த பருத்தி நூலால், இரண்டு மூன்று வரிசை உள்ளே தள்ளிக் குத்தி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்தோம். காஷ்மீர்க்காரரின் கையைப் பார்த்த ஞாபகத்தில் நானும் தைத்தேன். மகள் சோறு கறியைப் பார்த்துக்கொண்டாள். நான் பாதியில் நிற்க, மனைவி தன் பக்கத்தை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஊசி புடிக்கிற கையா இது? மண்வெட்டி புடிக்கிற மாதிரி!"

பின்னேரம் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கம்பளத்திலேயே உட்கார்ந்து, ஓரத்தைக் கையால் நீவினார். நான் அவர் விரலையே பார்த்தேன். ஒரு துணுக்குக்கூட உதிரவில்லை.

"கர வடிவா இரிக்கி. ஆரு தச்ச?"

"வெட்டின கைதான் தச்ச," என்றாள் என் மனைவி. மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணம் தெரியாமலே அந்த உம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

கம்பளம் இப்போதும் அந்த மண்டபத்தில்தான் கிடக்கிறது. கடைசி மகள் பெற்ற பேரப்பிள்ளை அதன் ஓரத்தை ஒட்டியே தவழ்கிறான். நான் தைத்த பக்கத்தை மனைவி பிறகு பிரித்து, தானே தைத்துவிட்டாள். அதுவும் நல்லதுதான்.