கை காட்டியபடி இறங்கிய சுமை

கிரேன் ஓட்டுகிறவருக்கு முதல் பாடம் இது: உன் கண்ணை நம்பாதே, கீழே நிற்பவன் கையை நம்பு. அத்தனை உயரத்திலிருந்து கண் தூரத்தைத் தப்பாகக் காட்டும். நம் ஆபரேட்டர் தலை நரைக்கும்வரை அந்தப் பாடத்தை வைத்தே பிழைத்தவர். அவருக்குக் கை காட்டுபவன் மனைவியின் தம்பி.

அன்று அந்தக் கை இறக்கச் சொன்னது. கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டுக்கு நேர் கீழே, பலகை அடுக்குக்குப் பின்னால், ஒரு மஞ்சள் ஹெல்மெட் குனிந்திருந்தது. தரையில் நின்றவனுக்கு அது தெரியாது. மேலே இருந்தவருக்குத் தெரிந்தது. இறக்கினார். ஒரு வெல்டரின் இரண்டு கால்களும் நசுங்கிப் போயின.

விசாரணைக்குக் கிளம்பும்போது மைத்துனன் வாசலை மறித்தான்.

"மாமா, நான் கை காட்டினேன், நீங்க இறக்கினீங்க. அதை மட்டும் சொல்லுங்க. உள்ள போனா நான் போறேன். எனக்கென்ன பொண்டாட்டியா, பிள்ளையா? அக்கா சமையலுக்கு ஜெயில் சோறு தேவலாம்."

"வாயைக் கழுவுடா!" என்று கரண்டியை ஓங்கிய அக்கா, அப்படியே அழுதுவிட்டாள். "என்னங்க, ஏதாவது பேசுங்களேன்."

இருத்தலியம் படிக்கும் மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம். கிரேன் எதற்கென்று தீர்மானித்த பிறகே அதைச் செய்கிறார்கள். மனிதனை அப்படி யாரும் செய்து அனுப்பவில்லை. அவன் முதலில் இருக்கிறான். எப்படிப்பட்டவன் என்பது அவன் செய்வதிலிருந்து பிறகுதான் வருகிறது. 'நான் வெறும் லீவர்' என்று ஒதுங்கிக்கொள்வதும் அவனே எடுத்த முடிவுதான்.

ஆபரேட்டர் ஒதுங்கத்தான் பார்த்தார். தலையெழுத்து என்றார், தொழில் முறை என்றார். எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஹெல்மெட்டைக் கண்டதும் லீவர் மேல் தன் விரல் தயங்கியது அவருக்குத் தெரியும். லீவர் தயங்காது.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "இறக்கச் சொல்லி இவர் கை காட்டினாரா?"

"காட்டினான் சார். ஆனா கீழ ஆள் இருந்தது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது."

மைத்துனன் "மாமா!" என்று எழுந்தான். உட்காரச் சொன்னார்கள்.

"தெரிஞ்சுமா இறக்கினீங்க?"

"ஆமா சார்."

"ஏன்?"

ஆபரேட்டர் பழக்க தோஷத்தில் மைத்துனன் கையைப் பார்த்தார். அது அவன் மடியில் கிடந்தது, எதையும் காட்டவில்லை.